பறந்த கால்களும் பரிவான கைகளும்
நெடுந்தூர ஓட்ட வீரர் பாவோ நூர்மியின் வாழ்க்கை

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் காட்சி புதியதன்று. ஒருபுறம் பூமாலைக் கடைகளின் மல்லிகை மணம். மறுபுறம் வாழையிலைச் சோற்றுக் கடைகளின் மசாலா வாசனை. நடைபாதையில் பதித்த மஞ்சள் கோடுகளைக் கோலால் தடவியபடி பார்வையற்ற அன்பர்கள் சிலர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதனைச் சுற்றிப் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களும் பல உண்டு.

கோலாலம்பூரில் மாரத்தான் நடந்த மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள். படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும் இளைஞர்களைக் காணலாம். தைப்பூசத்தன்று இரதத்தின் பின்னால் பத்துமலை வரை வெறுங்காலுடன் நடந்த அம்மாமார்களின் கால்களும் அப்படித்தான் இருக்கும். நம் வீடுகளில் அதற்கு மருந்து தெரியும். நல்லெண்ணெயைச் சுட வைத்துக் கெண்டைக்காலை நீவி விடுவார்கள். சுளுக்கு விழுந்தால் வழித்து விடத் தெருவில் ஒரு பெரியவர் இருப்பார். சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று பெயரிட்டுத் தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆயினும் நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உடம்பைப் பிடித்து விடச் சொல்வது சோம்பேறித்தனம், அல்லது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதே அது. பல்கலைக்கழகத்தில் ஓடும் மாணவர்களிடம்கூட இந்த எண்ணம் உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்பவனே வீரன் என்று நினைத்து, வீங்கிய காலோடு அடுத்த நாள் மீண்டும் திடலுக்குப் போகிறார்கள்.

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கை நமக்கு உதவும். அவர் பணக்காரர் அல்லர். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வண்டி தள்ளப் போனவர். பின்னாளில் ஒலிம்பிக்கில் 9 தங்கமும் 3 வெள்ளியும் வென்றவர். பறக்கும் பின்லாந்துக்காரர் என்று உலகம் போற்றிய பாவோ நூர்மிதான் அவர். உழைப்பைப் போலவே உடம்பைப் பேணுவதையும் பயிற்சியின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்ட ஓட்டக்காரர்களில் அவர் முன்னோடி. உடம்புப்பிடி விளையாட்டுத் துறைக்குள் நுழைந்த கதையைச் சொல்பவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் போவதில்லை.

வண்டி தள்ளிய சிறுவன்

பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் துர்க்கு என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1897ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பாவோ நூர்மி பிறந்தார். அப்போது பின்லாந்து தனி நாடன்று. ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை தச்சர். பிள்ளைகள் ஐவரும் பெற்றோரும் ஒரு சிறிய வீட்டில் வாழ்ந்தார்கள்.

சிறுவன் பாவோ நண்பர்களோடு கடலில் குளிக்கப் போவான். போக ஆறு கிலோமீட்டர், திரும்பி வரவும் அதே தூரம். அந்தத் தூரத்தை ஓடியோ நடந்தோ கடப்பார்கள். படிப்பிலும் அவன் கெட்டிக்காரன். ஆனால் 1910இல் தந்தை காலமானார். அடுத்த ஆண்டு கடைசித் தங்கையும் இறந்துபோனாள். குடும்பம் நொடிந்தது. சமையலறையை இன்னொரு குடும்பத்திற்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மிஞ்சிய ஒற்றை அறையில் அனைவரும் ஒடுங்கிக்கொண்டார்கள். மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான்.

நம்முள் பலருக்கு இந்தக் கதை வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பலர் இதே வயதில்தான் பால்வாளியைத் தூக்கினார்கள். அவர்கள் ரப்பர் மரத்தைத் தேடி நடந்தார்கள். பாவோ துர்க்கு நகரின் செங்குத்தான தெருக்களில் சுமை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளினான். முதுகும் கால்களும் உரம் பெற்றது அந்த ஏற்றங்களில்தான் என்று பின்னாளில் அவரே கருதினார்.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் நடந்தது. ஹன்னஸ் கொலெஹ்மைனென் என்ற பின்லாந்து வீரர் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், குறுக்கோட்டம் மூன்றிலும் தனிநபர் தங்கம் வென்றார். நாடு இல்லாத மக்களுக்கு அந்த வெற்றி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதினைந்து வயது பாவோ சில நாள்களில் தன் முதல் ஓட்டக் காலணியை வாங்கினான். 1914இல் துர்க்கு விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்தான். கோடையில் காட்டுப் பாதைகளில் ஓட்டம், பனிக்காலத்தில் பனிச்சறுக்கு என்று பயிற்சி தொடர்ந்தது. பகலில் ஒரு தொழிற்பட்டறையில் வேலை. வேலை முடிந்த பிறகுதான் ஓட்டம்.

1919இல் நூர்மி இராணுவச் சேவைக்குப் போனார். துப்பாக்கி, தோட்டாப் பட்டை, ஐந்து கிலோ மணல் நிரப்பிய முதுகுப்பை ஆகியவற்றைச் சுமந்து 20 கிலோமீட்டர் நடக்கும் போட்டி ஒன்று வைத்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள், நூர்மி முழுத் தூரத்தையும் ஓடினார். அவர் வந்து சேர்ந்த வேகத்தைக் கண்டு, குறுக்குவழியில் வந்திருப்பாரோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

கடிகாரமும் கைகளும்

1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக். முதல் பந்தயமான 5,000 மீட்டரில் பிரான்சின் ஜோசப் கியிமோவிடம் நூர்மி தோற்று வெள்ளி பெற்றார். பிறகு 10,000 மீட்டரிலும், குறுக்கோட்டத்தில் தனிநபராகவும் குழுவாகவும் மூன்று தங்கங்கள் வந்தன.

அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் தம்மையே ஒரு பாடமாக எடுத்துப் படிக்கத் தொடங்கினார். கையில் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எதிராளி எங்கே வருகிறான் என்று திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் ஒரே சீரான வேகத்தில் முடிப்பதில் கண்ணாக இருந்தார். முன்பாதியில் பாய்ந்து பின்பாதியில் தள்ளாடுவது அக்கால ஓட்டக்காரர்களின் வழக்கம். சக்தியை அளந்து செலவிடும் முறையை நூர்மி உலகுக்குக் காட்டினார். 1921இல் 10,000 மீட்டரில் தம் முதல் உலகச் சாதனையைப் படைத்தார். 1923க்குள் ஒரு மைல், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் மூன்றின் உலகச் சாதனைகளும் ஒரே நேரத்தில் அவரிடம் இருந்தன.

கடிகாரத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதன் மறுபக்கத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. சக்தியை அளந்து செலவிட்டவர், செலவிட்டதை மீட்டெடுப்பதிலும் கணக்காக இருந்தார். அவருடைய நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடையோடு தொடங்கும். இடையிடையே உடம்பைத் தளர்த்தச் சில விரைவோட்டங்கள். வீடு திரும்பியதும் தசைகளைத் தேய்த்து நீவிக்கொண்டு, குளித்து, ஒரு மணி நேரம் படுத்து ஓய்வெடுப்பார். அதன் பிறகுதான் திடலில் வேக ஓட்டங்கள். மாலையில் காட்டுப் பாதையில் இன்னோர் ஓட்டம். உடம்பைத் தேய்ப்பதும் படுப்பதும் பயிற்சிக்கு இடையே கிடைத்த இடைவேளைகள் அல்ல. அவையும் பயிற்சி அட்டவணையில் இடம்பெற்ற பாடங்கள்.

இந்தப் பழக்கத்துக்கு அவருடைய மண்ணும் துணை நின்றது. பின்லாந்து மக்களுக்குச் சவுனா என்னும் வெந்நீராவிக் குளியல் வாழ்வோடு கலந்த ஒன்று. மரத்தாலான சிறு அறையில் கற்களைச் சூடேற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். வியர்த்துச் சிவந்த உடம்பைப் பிர்ச் மரத்தின் இலைக்கொத்தால் மெல்ல அடித்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தில் சுவீடன். அங்கே பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கி, மருத்துவ உடற்பயிற்சியை முறைப்படுத்தியிருந்தார். ஆம்ஸ்டர்டாமில் யோஹான் மெட்ஸ்கர் என்ற மருத்துவர் 1868இல் சுளுக்கிய கணுக்காலைத் தேய்த்துக் குணப்படுத்துவது பற்றியே முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை இவ்வாறு வளர்ந்தது. நம் பாட்டிமார் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் செய்ததை ஏட்டில் எழுதி வைக்க ஆளில்லாமல் போனதுதான் வேறுபாடு.

பாரிஸ், 1924

1924ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் நூர்மியின் முழங்காலில் காயம் ஏற்பட்டது. ஒலிம்பிக் கனவு கலைந்துவிடுமோ என்ற நிலை. அவர் தேறி வந்து, மீண்டும் நாளுக்கு இரண்டு முறை பயிற்சி செய்யத் தொடங்கினார். பாரிஸில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் இரண்டின் இறுதிப் போட்டிகளும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. முடியுமா என்று சோதித்துப் பார்க்க ஜூன் 19ஆம் நாள் ஹெல்சிங்கியில் இரண்டையும் ஒரு மணி நேர அளவில் ஓடிப் பார்த்தார். இரண்டிலும் உலகச் சாதனை!

ஜூலை 10ஆம் நாள் பாரிஸ் திடலில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 53.6 வினாடியில் வென்றார். வென்றவர் கைதட்டலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கழற்றி வைத்த மேற்சட்டையை எடுத்துக்கொண்டு ஓய்வறைக்குப் போய்விட்டார். அடுத்த பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்தின் ஒவ்வொரு நிமிடமும் கால்களுக்குத் தேவைப்பட்டது. திரும்பி வந்து 5,000 மீட்டரில் தம் நாட்டவரான வில்லே ரிட்டோலாவை 0.2 வினாடியில் முந்தினார்.

இரண்டு நாள் கழித்துக் குறுக்கோட்டம். பாரிஸில் அன்று கொளுத்திய வெயில் 45 பாகை செல்சியஸ் வரை எட்டியதாகச் சொல்லப்படுகிறது. ஓடியவர்கள் 38 பேர். முடித்தவர்கள் 15 பேர் மட்டுமே. வழியெங்கும் வீரர்கள் சுருண்டு விழுந்தார்கள். முடித்தவர்களிலும் பலரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். நூர்மி ஏறக்குறைய ஒன்றரை நிமிட இடைவெளியில் முதலாவதாக வந்தார். அன்றைய அவலத்தைக் கண்ட பிறகு ஒலிம்பிக்கில் குறுக்கோட்டமே கைவிடப்பட்டது. மறுநாள், மற்றவர்கள் படுக்கையில் கிடந்தபோது, நூர்மி 3,000 மீட்டர் குழு ஓட்டத்தில் ஓடி ஐந்தாவது தங்கத்தைப் பெற்றார்.

பத்திரிகைகள் அவரை இயந்திரம் என்று எழுதின. சிரிக்காத முகம், கையில் கடிகாரம், தளராத நடை. ஆனால் இயந்திரம் என்பது தவறான பெயர். இயந்திரம் தன்னைத் தானே பேணிக்கொள்வதில்லை. நூர்மியின் உடம்பு, நல்ல விவசாயி ஒருவரின் நிலத்தைப் போன்றது. விளைச்சலுக்குப் பின் நிலத்துக்கு வேண்டியதைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

உண்மையில் என்ன நடக்கிறது?

இங்கே சற்று நின்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். உடம்பைப் பிடித்து விடுவதால் ஓட்டக்காரருக்கு மெய்யாகவே பயன் உண்டா?

நெடுந்தூரம் ஓடும்போது, குறிப்பாக இறக்கத்தில், தசைநார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்செய்ய உடல் முயலும்போது அழற்சியும் வலியும் உண்டாகும். அதனால்தான் ஓடிய அன்றைவிட இரண்டாம், மூன்றாம் நாள் வலி கூடுகிறது. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதே உடம்புப்பிடியின் வேலை என்று நெடுங்காலம் நம்பினார்கள். இன்றும் பல பயிற்சியாளர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அது சரியன்று. ஓட்டத்தை நிறுத்திய சிறிது நேரத்திலேயே உடல் தானாக அதைக் கரைத்துவிடுகிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 11 இளைஞர்களைக் களைக்கும்வரை மிதிவண்டி மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்து விட்டார்கள். பிறகு இரு கால்களின் தசையையும் ஒப்பிட்டார்கள். லாக்டிக் அமிலத்தில் வேறுபாடில்லை. ஆனால் பிடித்து விட்ட காலில் அழற்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன. உயிரணுவுக்குச் சக்தி தரும் உறுப்புகள் புதிதாக உருவாவதற்கான அடையாளமும் தெரிந்தது. 2020இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடம்புப்பிடி ஒருவரை வேகமாக ஓட வைக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தசைவலி ஓரளவு குறைகிறது, உடம்பின் வளைவுத்தன்மை சற்றுக் கூடுகிறது.

ஆக, நூர்மியின் பதக்கங்களை வென்று தந்தது உடம்புப்பிடி என்று சொன்னால் அது பொய். அடுத்த நாளும் பயிற்சிக்கு எழுந்து நிற்கும் கால்களைத் தந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் அது நியாயம். நெடுந்தூர ஓட்டத்தில் அடுத்த நாள் எழுந்து நிற்பதுதான் பாதி வெற்றி.

விழுந்தவரும் தூக்கிவிட்டவரும்

1925இல் நூர்மி அமெரிக்காவில் ஐந்து மாதம் தங்கி 55 பந்தயங்களில் ஓடினார். அவற்றில் 51இல் வென்றார். புகழ் உச்சத்துக்குப் போனது. ஆனால் உடம்பு கணக்கு வைத்துக்கொண்டது. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் காயங்களோடும் முப்பதைத் தாண்டிய வயதோடும் இறங்கினார். 10,000 மீட்டரில் ரிட்டோலாவை வென்று தம் ஒன்பதாவது தங்கத்தைப் பெற்றார்.

சில நாளில் தடை தாண்டும் ஓட்டத்தின் தகுதிச் சுற்று. நீர்க்குழியைத் தாண்டும்போது நூர்மி தடுமாறித் தண்ணீரில் விழுந்தார். இடுப்பும் பாதமும் அடிபட்டன. பின்னால் வந்த பிரெஞ்சு வீரர் லூசியன் டியூகேன் நின்று, கைகொடுத்துத் தூக்கிவிட்டார். யாரோடும் அதிகம் பேசாத நூர்மி அந்த உதவியை மறக்கவில்லை. அவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டு முன்னால் இருந்தவர்களையெல்லாம் பிடித்தார். எல்லைக் கோட்டருகே முதலிடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தார். அந்தப் பண்பாளர் அதை ஏற்க மறுத்தார். அடிபட்ட உடம்போடு 5,000 மீட்டரிலும் தடை தாண்டும் ஓட்டத்திலும் நூர்மிக்கு வெள்ளி கிடைத்தது.

கூலி வாங்கியது குற்றமா?

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடித் தம் ஓட்ட வாழ்வை முடித்துக்கொள்ள நூர்மி விரும்பினார். குதிகால் தசைநாணில் காயம் இருந்தும் அமெரிக்கா போய்ப் பயிற்சி செய்தார். ஆனால் தொடக்க விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அனைத்துலகத் தடகளச் சம்மேளனம் அவருடைய பெயரை நிராகரித்தது. சம்மேளனத்தின் தலைவர் சுவீடனின் சிக்ஃப்ரிட் எட்ஸ்ட்ரோம். போட்டி ஏற்பாட்டாளர்களிடம் அளவுக்கு மேல் பயணப் பணம் வாங்கினார், ஆகவே அவர் பொழுதுபோக்கு விளையாட்டாளர் அல்லர், தொழில்முறை ஆட்டக்காரர் என்பது குற்றச்சாட்டு. நூர்மி பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து அந்த மாரத்தானைப் பார்க்க வேண்டியதாயிற்று. அர்ஜென்டினாவின் இளைஞர் சபாலா வென்றார்.

விதி விதிதான், அவர் பணம் வாங்கியிருந்தால் அன்றைய சட்டப்படி அது குற்றமே. ஆயினும் அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை நாம் கேட்கலாம். காசு வாங்காமல் ஓட வேண்டும் என்றால், காசுக்காக உழைக்கத் தேவையில்லாதவர் மட்டுமே நன்றாக ஓட முடியும். பயிற்சி செய்ய நேரம், தசையை நீவ நேரம், படுத்து ஓய்வெடுக்க நேரம் ஆகிய அனைத்துக்கும் விலை உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த விலையைத் தந்தை கட்டிவிடுவார். ஒற்றை அறையில் வளர்ந்து ரொட்டிக் கடை வண்டியைத் தள்ளிய பிள்ளைக்கு யார் கட்டுவார்? கால்போக்கில் உலகமும் இதை உணர்ந்தது. இன்று ஓட்டக்காரர்கள் வெளிப்படையாகவே பணம் பெறுகிறார்கள்; அணியோடு உடம்புப்பிடி வல்லுநர்களும் பயணம் செய்கிறார்கள். நூர்மியின் காலத்தில் அது நடக்கவில்லை.

1934இல் அவர் ஓய்வு பெற்றார். குறுக்கோட்டத்திலும் 10,000 மீட்டரிலும் தம் உச்ச காலம் முழுவதும் அவர் தோற்றதே இல்லை. 22 அதிகாரபூர்வ உலகச் சாதனைகள் அவர் பெயரில் இருந்தன.

தீபம் ஏற்றிய கை

பிறகு நூர்மி ஹெல்சிங்கியில் ஆடைக்கடை வைத்தார். அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்றுச் செல்வரானார். இல்வாழ்க்கை நீடிக்கவில்லை, ஒரு மகன் உண்டு. பேட்டிகளைத் தவிர்த்தார். மக்கள் அவரைக் கடுமையானவர் என்றார்கள்.

1952ஆம் ஆண்டு ஜூலை 19. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் தொடக்க விழா. தீப்பந்தத்தை ஏந்தி வரப்போவது யார் என்பது அதுவரை இரகசியம். மழை நனைத்த ஓடுபாதையில் வழுக்கைத் தலையுடன், 55 வயதில், அந்தப் பழைய சீரான எட்டுகளுடன் ஒருவர் ஓடி வந்தார். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும் முன்பே அரங்கம் புரிந்துகொண்டது. அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசையைக் கலைத்துவிட்டு அவரைப் பார்க்கப் பாதையோரம் ஓடினார்கள். நூர்மி திடலில் தீபத்தை ஏற்றினார். பிறகு கோபுரத்தின் உச்சியில் இன்னொரு தீபத்தை ஏற்றியவர் 62 வயதான கொலெஹ்மைனென். சிறுவன் பாவோவைக் காலணி வாங்க வைத்த அதே மனிதர்! இருபது ஆண்டுகளுக்கு முன் ஒலிம்பிக் மூடிய கதவு, சொந்த மண்ணில் அன்று திறந்தது.

முதுமையில் அந்த உறுதியான உடம்பை இதயநோய் தாக்கியது. பக்கவாதமும் வந்தது. 1968இல் தம் செல்வத்தைக் கொண்டு இதயநோய் ஆய்வுக்காக ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தினார். விளையாட்டுப் புகழைவிட அறிவியலும் கலையும் உயர்ந்தவை என்பதே கடைசிக் காலத்தில் அவருடைய கருத்தாக இருந்தது. தம் பயிற்சி முறையில்கூட அவர் குறை கண்டார். மெதுவான நடையும் ஓட்டமும் மிகுந்து அது ஒருதலைப்பட்சமாகப் போய்விட்டது என்று எண்ணினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஹெல்சிங்கியில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. உடல் வண்டி தள்ளிய ஊரான துர்க்குவில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்களே, நூர்மியைப் போல் நாம் அனைவரும் ஓட முடியாது. ஆனால் அவர் தம் உடம்பை நடத்தியதுபோல் நாம் நம் உடம்பை நடத்தலாம். நெடுந்தூரம் ஓடிய பிறகு தண்ணீர், சோறு, உறக்கம் மூன்றும் முதலில். அதன் பிறகு மென்மையாக நீவி விடுவது நல்லது. போட்டிக்கு முந்திய நாள் அழுத்திப் பிசையச் சொல்லாதீர்கள்; கால் கனத்துப் போகும். தசை கிழிந்தோ கணுக்கால் புரண்டோ வீங்கியிருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உடம்புப்பிடிக்குப் போகாமல் நேராக மருத்துவரிடம் போங்கள். அது இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் ஓய்வறியாமல் உழைத்தார்கள். ஓய்வு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட ஒன்றைச் சோம்பேறித்தனம் என்று பெயரிட்டு நாமே நமக்கு மறுத்துக்கொள்வது நியாயமாகாது. தள்ளுவண்டிச் சிறுவனாக இருந்து உலகை வென்ற மனிதர், பயிற்சிக்கு நடுவே ஒரு மணி நேரம் படுத்திருக்க வெட்கப்படவில்லை.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பார்வையற்ற அண்ணன் உங்கள் கெண்டைக்காலில் விரல் வைத்ததும், எந்த இடம் இறுகியிருக்கிறது என்பதை நீங்கள் சொல்லும் முன்பே கண்டுகொள்வார். அந்த விரல்களுக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. எந்தப் பதக்கத்திலும் அத்தகைய விரல்களின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. எழுந்து வரும்போது கூலியோடு நன்றியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.